நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பேரம்: பிரிட்டன் வெளியேறிய கதை, பாரிமுனையிலிருந்து

சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காலி செய்கிறேன் என்று ஓனரிடம் சொல்லாத வரைக்கும் உங்களுக்குக் கொஞ்சம் பலம் உண்டு, குழாய் ஒழுகுவதைச் சரி செய்யச் சொல்லலாம், வாடகையை ஏற்றாதீர்கள் என்று முகம் சுளிக்கலாம். சொல்லிவிட்ட மறுநாளிலிருந்து கேலண்டர் அவர் பக்கம் போய்விடும். வில்லிவாக்கத்தில் இருந்தபோது நான் இதை அனுபவித்தேன். மோட்டார் போடும் நேரம் பற்றி ஒரு சண்டை, கோபத்தில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டேன், அடுத்த வீடு பார்க்கவே இல்லை, பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, உடைந்த டைல்ஸுக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். "முதல்ல இந்தக் கணக்கை முடிச்சிடுவோம் தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். தேதி நான் போட்டது, வரிசை அவர் போட்டது.

2017 மார்ச் 29 அன்று பிரிட்டன் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகிறோம் என்று பிரதமர் தெரசா மே கையெழுத்திட்ட கடிதத்தை பிரிட்டிஷ் தூதர், ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸில் ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க் கையில் கொடுத்தார், இரண்டு வருடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. எங்கே போகப் போகிறோம், எந்த மாதிரி உறவு வேண்டும் என்பதில் அவருடைய அமைச்சரவைக்குள்ளேயே அன்றைக்கு ஒத்த கருத்து இல்லை.

நான் பாரிமுனையில், ஏற்றுமதிச் சரக்கை அனுப்பி வைக்கும் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து வரும் ஷூவும் தோல் பொருளும்தான் எங்கள் சரக்கில் பெரும் பகுதி. பிரெக்சிட், அதாவது பிரிட்டன் வெளியேறுகிறது என்ற செய்தி வந்தபோது எங்கள் ஆபீஸில் முப்பது வருடமாக இருக்கும் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "அவங்க போறாங்கன்னா போகட்டும், நம்ம பொட்டி எங்க இறங்கும்?" அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய நாலரை வருடம் ஆனது. பிரிட்டன் என்ற பெரிய நாடு ஏன் அவ்வளவு பலவீனமாகப் பேசியது, எங்கே மட்டும் பலமாக இருந்தது என்பது அதற்குள் எனக்கு ஒரு பழக்கமான புதிராகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்குபவன் ராஜா என்ற கணக்கு

2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறு என்றார்கள், 48.1 சதவீதம் பேர் இரு என்றார்கள். வெளியேறும் பக்கம் நின்றவர்கள் அப்போது அடிக்கடி சொன்ன வாதம் ஒன்று உண்டு. நாம் ஐரோப்பாவுக்கு விற்பதைவிட அவர்களிடம் வாங்குவது அதிகம், ஆகவே அவர்களுக்குத்தான் நம் சந்தை தேவை, ஜெர்மன் கார் கம்பெனிகளே தங்கள் நாட்டுத் தலைவர் மெர்கலுக்குப் போன் போட்டு நல்ல ஒப்பந்தம் கொடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எண்ணிக்கையில் பார்த்தால் ஜெர்மன் கார்களுக்கு அன்றைக்கு மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தை பிரிட்டன்தான், அதுவும் உண்மை.

தவறு எங்கே என்றால், மொத்தத் தொகையைப் பார்த்தார்கள், பங்கைப் பார்க்கவில்லை. பிரிட்டனின் ஏற்றுமதியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 43 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போனது. அது அவர்கள் பொருளாதாரத்தில் எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். எதிர்ப்பக்கத்தில் பிரிட்டனுக்குப் போகும் ஏற்றுமதி மீதமுள்ள 27 நாடுகளின் பொருளாதாரத்தில் 3 சதவீதம் அளவில் நின்றது, அதுவும் 27 பேருக்குள் பிரிந்து கிடந்தது. அயர்லாந்துக்குப் பெரிய அடி, நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் வலி, ஸ்லோவேனியாவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவனுக்கு வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு ஆட்டம் காண்கிறது, எதிரில் இருப்பவனுக்கு மாதச் செலவில் கொஞ்சம் கூடுகிறது என்றால் யார் முதலில் இறங்கி வருவார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

கார் கம்பெனிகள் போன் போடாததற்கு இன்னொரு காரணம் உண்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாகங்கள் சப்ளை செய்யும் யாருக்கும் அது எளிதில் புரியும். ஒரு காரின் பாகம் ஐரோப்பாவுக்குள் பல எல்லைகளைத் தாண்டித்தான் காராக மாறுகிறது. அந்த எல்லைகளில் சோதனை இல்லை, ஒரே தர விதி, ஒரே நீதிமன்றம். இதைத்தான் ஒற்றைச் சந்தை என்கிறார்கள். ஒரு நாட்டுக்குச் சலுகை கொடுக்கப் போய் அந்த அமைப்பில் ஓட்டை விழுந்தால், மற்ற நாடுகளும் "எனக்கும் பிடித்ததை மட்டும் கொடு" என்று வரிசையில் நிற்கும். ஜெர்மன் தொழில் சங்கங்கள் இதை வெளிப்படையாகவே சொன்னார்கள்: முதலில் ஒற்றைச் சந்தை, பிறகுதான் பிரிட்டன். கூட்டமைப்பை விட்டுப் போகிறவர் எப்போதும் மறந்துவிடும் விஷயம் இது என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவர்களின் பாதிப் பேச்சு உங்களோடு, மீதி அவர்களுக்குள்.

பிரிட்டனுக்கு உண்மையான பலம் உள்ளே இருந்தபோதுதான் இருந்தது, இது இந்தக் கதையின் கசப்பான வேடிக்கை. 1984இல் ஃபோன்டன்புளோ உச்சி மாநாட்டில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர், கூட்டமைப்புக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கும் ஏற்பாட்டைக் கறந்தே விட்டார். ஏன் கொடுத்தார்கள்? அவர் கையெழுத்துப் போடாமல் பட்ஜெட் ஏறாது. வெளியே போகிறவரின் கையெழுத்துக்கு அந்த விலை கிடையாது.

பிரிவு 50 என்ற கதவு

வெளியேறுவதற்கான விதி லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவில் இருக்கிறது, 2009 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருப்பது. அதன் முதல் வரைவை எழுதியவர் ஜான் கெர் என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. தன் நாடே அந்தக் கதவு வழியாகப் போகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

நாலைந்து பத்திதான், ஆனால் பேரம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து இரண்டு வருடம். அதற்குள் உடன்பாடு வந்தால் சரி, வராவிட்டால் தானாகவே வெளியே. நீட்டிக்க வேண்டுமென்றால் மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். அந்த நாடுகள் இதைப் பற்றிப் பேசும் அறையில் போகிறவருக்கு நாற்காலி கிடையாது. சும்மா இருந்தாலே நாள் நகரும், நாள் நகர்ந்தாலே ஒரு பக்கத்துக்கு நட்டம் கூடும்.

இதில் பிரிட்டனிடம் இருந்த ஒரே நல்ல சீட்டு, எப்போது நோட்டீஸ் கொடுப்பது என்பது. அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. நோட்டீஸ் வராமல் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டோம் என்று 27 நாடுகளும் வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களிலேயே சொல்லிவிட்டார்கள் என்பது சரிதான். ஆனால் அப்படிச் சொன்னதே அவர்களுக்கும் இந்த நிச்சயமின்மை சங்கடமாக இருந்தது என்பதற்கு அடையாளம். இன்னும் ஒரு வருடம் இழுத்து, வீட்டுக்குள் சண்டையை முடித்துக்கொண்டு, துறைமுகத்தில் ஆள் சேர்த்துக்கொண்டு கொடுத்திருக்கலாம். மே என்ன செய்தார்? 2016 அக்டோபரிலேயே கட்சி மாநாட்டு மேடையில், அடுத்த மார்ச் முடிவதற்குள் கொடுத்துவிடுவேன் என்று அறிவித்தார். கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டலுக்காகச் சீட்டைத் திறந்து காட்டியது மாதிரிதான் எனக்குப் படுகிறது.

2018 டிசம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது: பிரிட்டன் நினைத்தால் யாரையும் கேட்காமல் நோட்டீஸைத் திரும்பப் பெறலாம். காகிதத்தில் அது பெரிய ஆயுதம். ஆனால் 1 கோடியே 74 லட்சம் பேர் வெளியேறச் சொல்லி வாக்களித்த நாட்டில் அதை எந்தப் பிரதமர் எடுத்து நீட்ட முடியும்? எதிரிலிருந்தவர்களுக்கும் அது தெரியும்.

வரிசையை யார் எழுதுவது

2017 ஏப்ரல் 29 அன்று 27 நாட்டுத் தலைவர்கள் பேச்சுவார்த்தை நெறிமுறையைச் சில நிமிடங்களில் ஏற்றார்கள். முதலில் மூன்று விஷயம்: இரண்டு பக்கமும் வாழும் மக்களின் உரிமை, பிரிட்டன் ஒன்றியத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கிப் பணம், அயர்லாந்து எல்லை. இவற்றில் போதிய முன்னேற்றம் தெரிந்த பிறகுதான் வர்த்தகம். பிரிட்டனின் பிரெக்சிட் அமைச்சர் டேவிட் டேவிஸ் இந்த வரிசையை ஏற்க மாட்டோம், இந்தக் கோடைக்காலச் சண்டையே இதுதான் என்றார். ஜூன் 19 அன்று பேச்சு தொடங்கியது, முதல் நாளே ஒத்துக்கொண்டார்கள். இடையில் மே தேவையில்லாமல் ஒரு தேர்தல் வைத்துப் பெரும்பான்மையை இழந்து, வட அயர்லாந்தின் டியுபி கட்சியின் 10 உறுப்பினர்களை நம்பி ஆட்சி நடத்தும் நிலைக்கு வந்திருந்தார்.

இந்த வரிசை ஏன் அவ்வளவு முக்கியம்? பிரிட்டன் கொடுக்கக்கூடியது பணம், வாங்க விரும்பியது சந்தை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் "இவ்வளவு தருகிறேன், அதற்கு இது" என்று பேசலாம். பணத்தை முதலில் முடித்துவிட்டால் பிறகு சந்தைக்கு எதைக் கொடுப்பது? அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த போரிஸ் ஜான்சன், பணம் கேட்பவர்கள் விசில் அடித்துக்கொண்டு போகட்டும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். ஐரோப்பாவின் பேச்சாளர் மிஷேல் பார்னியே, எனக்கு விசில் எதுவும் கேட்கவில்லை, கடிகாரம் ஓடும் சத்தம்தான் கேட்கிறது என்றார். டிசம்பரில் கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் மதிப்பீட்டில் 3,500 முதல் 3,900 கோடி பவுண்டு. என்னுடைய பெயிண்டிங் செலவு ஞாபகம் வந்தது.

அயர்லாந்து: சின்னவன் பெரியவன் ஆன இடம்

இந்த ஆய்வில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இது. அயர்லாந்து 50 லட்சம் பேர் உள்ள நாடு. நூற்றாண்டுக் கணக்கில் லண்டன் சொல்வதைத்தான் டப்ளின் கேட்க வேண்டியிருந்தது. 2017க்குப் பிறகு அது தலைகீழானது.

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. தெற்கே அயர்லாந்துக் குடியரசு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, வயல் வழியாகவும் வீட்டு வாசல் வழியாகவும் ஓடுவது. வட அயர்லாந்தின் பல வருட வன்முறையை முடித்து வைத்த 1998 புனித வெள்ளி உடன்பாட்டுக்குப் பிறகு அந்த எல்லையில் ராணுவச் சாவடிகள் போய்விட்டன. இப்போது பிரிட்டன், உறுப்பு நாடுகளுக்குள் வரி இல்லாத சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டுப் போகிறது என்றால், சரக்கை எங்கேயாவது சோதிக்க வேண்டும். தீவுக்கு நடுவில் சோதித்தால் பழைய புண் திறக்கும். வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் நடுவே கடலில் சோதித்தால் நாட்டையே இரண்டாகப் பிரித்தது மாதிரி. எங்கேயும் சோதிக்கவில்லையென்றால் மொத்த பிரிட்டனும் ஐரோப்பிய விதியிலேயே இருக்க வேண்டும், அப்புறம் எதற்கு வெளியேறுவது? மூன்றில் ஒன்றை விட்டாக வேண்டும். எதை விடுவது என்று லண்டன் மூன்று வருடம் சொல்லவே இல்லை.

டப்ளின் தனியாகப் பேசியிருந்தால் லண்டன் அதை ஓரமாகத் தள்ளியிருக்கும். ஆனால் அயர்லாந்தின் கவலையை 27 பேரும் தங்கள் கவலையாக எடுத்துக்கொண்டார்கள். பாசமும் கொஞ்சம் இருந்திருக்கலாம், கணக்கு நிறையவே இருந்தது. உள்ளே இருக்கும் சின்ன உறுப்பினரைக் கைவிட்டு வெளியே போகும் பெரியவரைத் திருப்திப்படுத்தினால், மற்றச் சின்ன நாடுகள் எல்லாம் "அப்போ நமக்கு இதில் என்ன பாதுகாப்பு" என்று கேட்கும். பிரிட்டன் தனித்தனியாகத் தலைநகரங்களில் போய்ப் பேசிப் பார்த்தது, எங்கேயும் பிரிவு உண்டாகவில்லை. பார்னியே ஒவ்வொரு தலைநகராக அலைந்து ஒவ்வொருவரையும் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்.

கடல் எல்லையை எந்த பிரிட்டிஷ் பிரதமரும் ஏற்க முடியாது என்று 2018 பிப்ரவரியில் மே சொன்னார். 2019 அக்டோபர் 10 அன்று, அவருக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சனும் அயர்லாந்துப் பிரதமர் லியோ வரத்கரும் லிவர்பூல் பக்கம் ஒரு மாளிகையில் தனியாகச் சந்தித்தார்கள். ஒரு வாரத்தில் ஒப்பந்தம் வந்தது, அதில் கடல் எல்லை இருந்தது. ஜான்சன் இதைப் பெரிய வெற்றி என்று சொல்லி டிசம்பரில் 80 இடப் பெரும்பான்மையோடு தேர்தலையும் வென்றார். அரசியலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை. பேரமாகப் பார்த்தால் எதிர்ப்பக்கம் தொடக்கத்தில் கேட்டதுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதன் சிக்கலை அவிழ்க்க 2023 பிப்ரவரியில் விண்ட்சர் ஏற்பாடு என்று இன்னொன்று வேண்டியிருந்தது.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்"

பேரத்தில் நம் ஊரில் எல்லாரும் செய்யும் ஒரு வேலை உண்டு. "எனக்கு ஓகேதான், வீட்ல ஒத்துக்க மாட்டாங்க." நம் கை கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டினால் எதிரி இறங்கி வருவார். மே அரசுக்கும் இந்த வசதி இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்பது நாடகமே இல்லை. 2019 ஜனவரி 15 அன்று, ஐரோப்பாவோடு அவர் பேசி முடித்திருந்த வெளியேற்ற ஒப்பந்தத்துக்கு ஆதரவு 202, எதிர்ப்பு 432. பிரிட்டிஷ் அரசு ஒன்று அதுவரை கண்டிராத தோல்வி. மார்ச் 12இல் மறுபடி தோல்வி, மார்ச் 29இல் மூன்றாவது முறையும்.

இவ்வளவு பெரிய "முடியாது" எதிரியை ஏன் அசைக்கவில்லை? வீட்டில் எதற்குத்தான் ஒத்துக்கொள்வார்கள் என்று வீட்டுக்கே தெரியவில்லை. மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள், எட்டும் தோற்றன. சுங்க ஒன்றியமும் வேண்டாம், இரண்டாவது வாக்கெடுப்பும் வேண்டாம், ஒப்பந்தமில்லாமல் போவதும் வேண்டாம். "ஐயாயிரம் குறைச்சா வீட்ல சரின்னு சொல்லிடுவாங்க" என்றால் கடைக்காரர் யோசிப்பார். எவ்வளவு குறைத்தாலும் சரி என்ற பதில் வருமா என்று தெரியாதபோது அவர் ஏன் குறைக்க வேண்டும்? காத்திருப்பார். 2019 மார்ச் 29 என்ற தேதி முதலில் ஏப்ரலுக்கும் பிறகு அக்டோபர் 31க்கும் கடைசியில் 2020 ஜனவரி 31க்கும் தள்ளிப் போனது, ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கியது பிரிட்டன். அந்தக் கடைசித் தேதியில் வெளியே வந்தது, ஆனால் 2020 முடியும் வரை பழைய வர்த்தக விதிகளே தொடர்ந்தன.

கப்பல் இல்லாத கப்பல் கம்பெனி

மோசமான ஒப்பந்தத்தைவிட ஒப்பந்தம் இல்லாமலே போவது மேல் என்று மே 2017 ஜனவரியில் சொல்லியிருந்தார். சொல்லலாம். ஆனால் எதிரில் இருப்பவர் நம்ப வேண்டுமே. ரங்கநாதன் தெருவில் பேரம் படியாமல் நாம் நடக்கத் தொடங்கினால் கடைக்காரர் கூப்பிடுவார், ஏனென்றால் பக்கத்திலேயே இன்னும் நூறு கடை உண்டு. நாளைக் காலை முகூர்த்தம், கையில் பட்டுப்புடவை இல்லை என்று அவருக்குத் தெரிந்தால் கூப்பிட மாட்டார்.

ஒப்பந்தமில்லா நிலைக்கான தயாரிப்பில் 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு ஒரு படகுப் போக்குவரத்துக் கம்பெனிக்கு 1.38 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அந்தக் கம்பெனியிடம் அன்றைக்கு ஒரு கப்பல்கூட இல்லை. இரண்டு மாதத்தில் ரத்தானது. எங்கள் ஆபீஸில் அன்று இதைப் படித்துச் சிரித்து மாளவில்லை. ஆனால் பிரசல்ஸிலும் இதைப் படித்திருப்பார்களே, அதுதான் விஷயம். மிரட்டலின் மதிப்பு அதற்குப் பின்னால் இருக்கும் லாரி, கிடங்கு, கஸ்டம்ஸ் ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது. பேச்சு மேடையில் இல்லை.

2020 டிசம்பர் 20 அன்று, புதிய கொரோனா வகை பரவுகிறது என்று பிரான்ஸ் 48 மணி நேரம் எல்லையை மூடியது. டோவர் துறைமுகம் இருக்கும் கென்ட் பகுதியில் ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றன, கிறிஸ்துமஸைக் கேபினுக்குள் கழித்த டிரைவர்களின் படங்கள் வந்தன. காரணம் நோய்தான், பேரத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இருந்தாலும் டோவர் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை நாடே டிவியில் பார்த்தது. டிசம்பர் 24 அன்று வர்த்தக ஒப்பந்தம் முடிந்தது. 1,200 பக்கத்துக்கு மேல். அவசரத்தில் பழைய சட்ட வாசகத்தை அப்படியே ஒட்டியதில், எப்போதோ செத்துப்போன நெட்ஸ்கேப் மென்பொருளின் பெயர்கூட ஒரு இணைப்பில் வந்துவிட்டது. பழைய இன்வாய்ஸைக் காப்பி அடித்துப் போன வருடத் தேதியோடு அனுப்பும் எங்களுக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல்.

பலம் இருந்த இடங்கள்

எல்லாவற்றிலும் பிரிட்டன் தோற்றது என்று சொல்லிவிட்டால் ஆய்வு நேர்மையாக இருக்காது. லண்டனில் இருக்கும் கிளியரிங் நிறுவனங்கள், அதாவது யூரோவில் நடக்கும் பெரிய நிதிப் பரிவர்த்தனைகளுக்கு நடுவில் நின்று உத்தரவாதம் கொடுப்பவர்கள், ஐரோப்பிய வங்கிகளுக்கு உடனே மாற்று இல்லாத ஒன்று. மற்ற நிதிச் சேவைகளில் கையை விரித்த ஐரோப்பா, இதற்கு மட்டும் தற்காலிக அனுமதி கொடுத்தது, பிறகு நீட்டித்தது, மறுபடியும் 2028 ஜூன் வரை நீட்டித்திருக்கிறது. கெஞ்சல், மிரட்டல் எதுவும் தேவைப்படவில்லை.

மீன் இன்னும் சுவாரசியம். பிரிட்டன் பொருளாதாரத்தில் மீன்பிடிப்பு 0.1 சதவீதம்கூட வருமா என்பது சந்தேகம், ஆனால் கடைசி இரவு வரை சண்டை அதில்தான். கடல் பிரிட்டனுடையது, பிரெஞ்சு, டச்சுப் படகுகள் தலைமுறையாக அங்கே வலை போடுகின்றன. பலம் பிரிட்டன் பக்கம் என்று தோன்றும். காசிமேட்டில் ஒரு நாள் விடியற்காலை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு மறுபக்கமும் தெரியும்: படகு வைத்திருப்பவர் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை, ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு போகிற வாங்குபவர் வரவில்லை என்றால் வஞ்சிரமும் பத்து மணிக்குப் பாதி விலை. பிரிட்டன் ஏற்றுமதி செய்யும் மீனில் பெரும் பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. கடைசியில், பிரிட்டன் கடலில் ஐரோப்பியர் பிடிக்கும் மீனின் மதிப்பில் 25 சதவீதத்தை ஐந்தரை வருடத்தில் படிப்படியாக பிரிட்டனுக்கு மாற்றுவது என்று முடிந்தது. அந்தக் காலம் 2026 ஜூனில் முடிந்து, பிறகு பிரிட்டன் ஆண்டுதோறும் பேரம் பேசலாம் என்பது ஏற்பாடு. 2025 மே மாதம் கீர் ஸ்டார்மர் அரசு, உணவுப் பொருள் சோதனையைத் தளர்த்துவது உள்ளிட்ட ஒரு பெரிய ஏற்பாட்டின் பகுதியாக, அந்தக் கடல் அனுமதியை 2038 வரை நீட்டிக் கொடுத்தது. கையில் இருந்த சீட்டு, இன்னொன்று வாங்கப் போய்விட்டது.

இதோடு கிரீன்லாந்தை வைத்துப் பாருங்கள். டென்மார்க்கின் பகுதியான அந்தத் தீவில் அன்று சுமார் 50,000 பேர். 1982இல் வாக்கெடுப்பு, 53 சதவீதம் பேர் ஐரோப்பியச் சமூகத்தை விட்டுப் போவோம் என்றார்கள், 1985 பிப்ரவரி 1 அன்று வெளியே வந்தார்கள். நம் பெரம்பூரின் ஒரு மூலை அளவு மக்கள்தொகை. அவர்கள் வாங்கியது என்ன? ஐரோப்பியப் படகுகள் அவர்கள் கடலில் மீன் பிடிக்கப் பணம் கட்டும், அந்த அனுமதி இருக்கும் வரை கிரீன்லாந்து மீன் வரியில்லாமல் ஐரோப்பாவுக்குப் போகும். மீனையும் சந்தையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினார்கள். பிரிவு 50 அப்போது இல்லை, ஆகவே கழுத்தில் கத்தியாகத் தொங்கும் தேதி இல்லை. தவிர, டென்மார்க் உள்ளேயே உட்கார்ந்து அவர்களுக்காகப் பேசியது. வெளியேறுகிறவருக்கு உள்ளே ஒரு சொந்தக்காரர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை லண்டன் டப்ளினிடமிருந்து எதிர்ப்பக்கமாகக் கற்றுக்கொண்டது.

நம் பக்கத்து உதாரணம், 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா, ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்தில் சேர மாட்டோம் என்று எழுந்து வந்தது. அது சரியா தவறா என்று இன்னும் சண்டை போடலாம். ஆனால் அது சேருவதற்கு முன்னால் எழுந்தது. எழுந்த மறுநாள் இந்தியாவின் எந்த ஏற்றுமதிக்கும் புதிதாக வரி ஏறவில்லை, நேற்று இருந்தது இன்றும் இருந்தது. மற்ற 15 நாடுகள் அடுத்த வருடம் கையெழுத்திட்டபோது இந்தியா எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும் என்று எழுதி வைத்தார்கள். சாப்பிட உட்காருவதற்கு முன் எழுவதற்கும் பாதி இலையில் எழுவதற்கும் உள்ள வித்தியாசம்.

நம்ம பொட்டி எங்க இறங்கியது

சரி, அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். 2020 முடியும் வரை ஆம்பூர் ஷூ ஒரு கண்டெய்னரில் ராட்டர்டாம் போகும், அங்கே வரி கட்டி இறக்கி, கிடங்கில் பிரித்து, ஒரு பகுதி லாரி ஏறி இங்கிலாந்துக் கடைக்குப் போகும். ஒரு பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு), ஒரு வரி. 2021 ஜனவரி 1க்குப் பிறகு அதே லாரி கடலைத் தாண்டினால் மறுபடியும் வரி. ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே வரி இல்லை என்றுதானே ஒப்பந்தம் என்று வாடிக்கையாளர் போனில் கத்தினார். வரி இல்லைதான், ஐரோப்பாவிலோ பிரிட்டனிலோ செய்த பொருளுக்கு. ஆம்பூரில் செய்த ஷூ ராட்டர்டாமில் ஒரு வாரம் படுத்திருந்தால் டச்சு ஷூ ஆகிவிடாது. வரி கட்டாமல் பாண்டட் கிடங்கில் வைத்து அனுப்பினால் இந்த இரட்டை வரியிலிருந்து தப்பிக்கலாம், ஆனால் அதற்குத் தனிப் பேப்பர், தனிச் செலவு. ஜெர்மனியில் செய்து பிரிட்டனுக்கு வந்து அயர்லாந்துக் கடைக்குப் போன மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பன்றி முக மிட்டாய்க்கே இதே தொல்லை வந்தது. நாங்கள் புக்கிங்கை இரண்டாகப் பிரித்தோம். ராட்டர்டாமுக்கு ஒன்று, இங்கிலாந்துத் துறைமுகத்துக்கு நேராக ஒன்று, பல நேரம் இரண்டாவது முழுக் கண்டெய்னராகக்கூட நிரம்பாது.

ஐரோப்பா முதல் நாளிலிருந்தே பிரிட்டிஷ் சரக்கை முழுதாகச் சோதித்தது. பிரிட்டன் தன் பக்கச் சோதனையைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, உணவுச் சரக்குகளுக்கு 2024இல்தான் முறையாகத் தொடங்கியது. ஏனென்றால் சோதித்தால் கடை அலமாரி காலியாகும், விலை ஏறும். பிரிட்டனின் பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகம் இந்த வெளியேற்றம் நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித் திறனை 4 சதவீதம் குறைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறது. அது கணிப்புதான், கொரோனாவையும் போரையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

தனியாக இருப்பதில் நன்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் இந்தியாவோடு பேச்சைத் தொடங்கினார்கள். தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று ஜான்சன் தேதி போட்டார். மறுபடியும் தேதி! டெல்லி அவசரப்படவில்லை, அந்தத் தீபாவளியும் போனது, அதற்கடுத்த இரண்டும் போயின, 2025 ஜூலை 24 அன்றுதான் கையெழுத்தானது. இருந்தாலும் ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீத வரியை உடனே 75 ஆக்கி, பத்து வருடத்தில் 40க்குக் கொண்டுவரும் ஏற்பாட்டை அவர்கள் வாங்கினார்கள். நமக்குத் தோல், காலணிக்கு வரி இல்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆம்பூரில் அன்று பட்டாசு வெடிக்காத குறைதான்.

இன்னொரு சின்ன விஷயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் பாகம் செய்யும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஐரோப்பியத் தர விதிக்கு ஏற்றது என்று காட்டும் சிஇ முத்திரையோடுதான் எல்லாச் சரக்கையும் அனுப்புவார். பிரிட்டன் வெளியேறியதும் தனக்கென்று யூகேசிஏ என்று ஒரு முத்திரை கொண்டுவந்தது, 2022 ஜனவரி முதல் அது இல்லாமல் விற்க முடியாது என்றார்கள். அவர் பயந்துபோய் ஸ்டிக்கர் அச்சடித்தார், சான்றிதழுக்கு ஆள் பிடித்தார். தேதி 2023க்குத் தள்ளிப்போனது, பிறகு 2024 முடிவுக்கு. 2023 ஆகஸ்டில், பெரும்பாலான பொருளுக்கு சிஇ முத்திரையையே காலவரையின்றி ஏற்றுக்கொள்கிறோம் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. போன மாதம் பேப்பர் வாங்க அவர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். யூகேசிஏ ஸ்டிக்கர் ரோல் நான்கு, பிரிக்காமல், மேசை இழுப்பறையில் இருந்தன. "தூக்கிப் போட்டுடலாமா சார்?" என்று கேட்டேன். "இருக்கட்டும்பா, மறுபடி மாத்துவாங்க" என்றார்.